செல்ஃப் எடுக்காத வண்டி

கியர் மறுபடியும் ஃபர்ஸ்டில் கிடந்தது.

தம்பிக்காரன் அதை நியூட்ரலுக்குத் தள்ளினான். காலையிலிருந்து இதே கூத்துதான். நியூட்ரலில் விட்டுக் கதவைச் சாத்துவான்; பானெட் பக்கம் போய்விட்டு வந்து பார்த்தால் ஃபர்ஸ்டில் நிற்கும். பழைய வண்டி, உள்ளே எல்லாம் தேய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சாவியைத் திருகினான். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. ஹெட்லைட் மங்கவில்லை, ஹாரன் ஊரைக் கூட்டியது; ஆகவே பேட்டரியில் குறையில்லை. வெளியே பட்டப்பகல்தான் என்றாலும், தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, பழைய ஆயிலும் ஈரத் துருவும் கலந்த வாடை மூக்கில் ஏற, ஷெட்டின் மூலைகளில் இருட்டு மெல்ல மெல்ல அடைந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் குனிந்து செல்ஃப் மோட்டாரைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினான். சிக்கிய மோட்டார் சில சமயம் அதற்கு மசியும். நிமிர்வதற்குள், உள்ளேயிருந்து யாரோ பதிலுக்கு இரண்டு தட்டு தட்டினார்கள்.

அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

ஷட்டர் அருகே ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் செத்தபின் அவள் ஷெட்டுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. வண்டியை எடுத்துப்போகக் காயலான்கடை லாரி வரப்போகிறது. "அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட விட்டுக் காட்டுங்க தம்பி" என்று கேட்டாள். மாட்டேன் என்றால் ஏன் என்பாள். அந்தக் கேள்வியை நினைத்துத்தான் அவனுக்கு இத்தனை நாளாகத் தூக்கம் இல்லை.

"செல்ஃப் போயிடுச்சு அண்ணி. இனிமே தேறாது."

"அவர் இருந்தா அப்படியே விட்டுடுவாரா?"

சுருக்கென்றது. செத்தும் ஓயவில்லை அண்ணன் புராணம். வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே "இவன் கை பட்டா ஓடுற வண்டியும் நின்னுடும்" என்று சிரித்தவன் அல்லவா அவன்? அன்றைக்கு பானெட்டுக்குள் குனிந்து, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்து ஸ்டார்ட் பண்ணப் போனவன், "நியூட்ரல்தானேடா?" என்று கேட்டான். தம்பி எட்டிப் பார்த்தான். ஃபர்ஸ்ட். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் "நியூட்ரல்தான், போடு" என்றான். கியரில் கிடந்த வண்டி ஒரே பாய்ச்சல். அண்ணனுக்குப் பின்னால் சுவர். விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள்.

இப்போதும் வண்டி அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது.

"என்ஜின் ஜாமாயிருக்கான்னு கையால சுத்திப் பாருங்க. அவர் அப்படித்தான் பார்ப்பாரு" என்றாள் அண்ணி.

அதற்கு வண்டிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் என்ன கேனையா? முதலில் பேட்டரி வயரைக் கழற்றி ஒதுக்கினான். சாவியைப் பையில் போட்டான். கியரை நியூட்ரலில் விட்டு, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தான். பேட்டரி இல்லாத வண்டி வெறும் இரும்பு. பம்பருக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து, என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனரை மாட்டி இழுத்தான்.

அசையவில்லை.

மூச்சைப் பிடித்து இழுத்தான். கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. பிறகு அவன் இழுக்காமலே நகர்ந்தது.

வண்டிக்குள் 'கடக்'. கியர் விழுந்தது.

கையை உதறினான். ஸ்பேனர் தெறித்து விழுந்தது. நட்டு சுற்றியது. மெதுவாக. சத்தமே இல்லாமல். பம்பர் முழங்காலைத் தொட்டது.

"அண்ணி! டயருக்குக் கல்லு வைங்க! சீக்கிரம்!"

அண்ணி எழுந்தாள். ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன் தம்பி. நீங்க எட்டிப் பார்த்ததையும் பார்த்தேன். சொன்னதையும் கேட்டேன்."

ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பக்கவாட்டில் தாவப் பார்த்தான். கால் வரவில்லை. குனிந்தான். பம்பருக்கு அடியிலிருந்து ஒரு கை. நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அவன் கணுக்காலை இறுகப் பிடித்திருந்தது. இன்னொரு கை, மற்றக் காலைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தது.