மேய்மணிகளின் கணக்கு

மேய்மணிகளை விட்ட நாற்பதாம் நாள் காலையில் அஞ்சலை விடநிலையத்துப் பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாம்புகளை வெள்ளைத் தாளின் மேல் ஊரவிட்டுப் பார்த்தாள். தாளில் ஒரு கரும்புள்ளிகூட விழவில்லை. போன மாதம்வரை இப்படி ஊரவிட்டால் மிளகுத்தூள் தூவியதுபோல் செதில்பேன்கள் உதிரும். தாடைக்கடியிலும் கண்ணோரத்திலும் அப்பிக்கொண்டு அவை இரத்தம் உறிஞ்சும். தாங்க முடியாத பாம்புகள் நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் முங்கிக் கிடக்கும், இரை எடுக்காது, பிறகு ஒருநாள் அசையாது. மருந்து தெளித்த கோடையில் பேன்களோடு பதினோரு பாம்புகளும் செத்துப் போயின.

இப்போது செதில்களுக்கு அடியில் மேய்மணிகள் இருந்தன. கசகசாவைவிடச் சிறிய, சாம்பல் நிறத்தில் ஆறு கால் இயந்திரங்கள். ஒரு பாம்புக்கு மூவாயிரம். பேனைத் தேடிக் கடித்துக் கொல்லும். பாம்பின் தோலில் ஒரு கீறல் விழாது.

பக்கத்து அறைத் தொட்டிலில் அவளுடைய ஐந்து மாதக் குழந்தை பூங்காவனம் தூங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலையின் சேலை மடிப்பில் ஏறிப் போன பேன்கள் குழந்தையின் கன்னத்தைக் கடித்துத் தடிக்க வைத்திருந்தன. அதனால்தான் மேய்மணிகளை விடச் சம்மதமா என்று நிலையத்தார் கேட்டபோது முதல் கையெழுத்தை அவள் போட்டாள். விஷம் எடுக்கும் வேலையை விட முடியாது. பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு வரவும் முடியாது.

“எண்ண தேச்சு விட்டியா என்னா? கல்யாணப் பொண்ணாட்டம் மினுக்குது,” என்றான் வேடியப்பன். அவள் அண்ணன். அந்த விடநிலையத்தில் பாம்புக்கடி மருந்துக்காக விஷம் எடுப்பவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

மேய்மணிகளைச் செய்த பொறியாளர் பெனிட்டா சுவரிலிருந்த கணிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிகள் எண்ணிச் சொல்லும் பேன் கணக்கு அதில் வரும். முதல் நாள் பதினெட்டாயிரம் காட்டிய பலகை இப்போது இரண்டு என்றது.

“இன்னும் ரெண்டு பேன் எங்கேயோ இருக்கு,” என்றாள் பெனிட்டா.

பானைகளைக் கொதிநீரில் கழுவினார்கள். தாள்களை எரித்தார்கள். கண்ணாடி வைத்துக்கொண்டு பாம்புகளைத் தலையிலிருந்து வால்வரை தேடினார்கள். பலகையில் அந்த இரண்டு அப்படியே நின்றது.

விஷம் எடுப்பது செவ்வாய்தோறும். பேன் குறையும்வரை நிறுத்திவைத்திருந்து, மறுபடி தொடங்கி இரண்டு செவ்வாய்தான் ஆகியிருந்தது. மூன்றாவது செவ்வாயன்று, பாம்பின் கழுத்தைப் பிடித்திருந்த வேடியப்பன் முகம் சுளித்தான். பல்லைக் கண்ணாடிக் குப்பியில் அழுத்தி விஷத்தை இறக்கிவிட்டுப் பாம்பைப் பானைக்குள் விட்டான். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தோல் பொடிப்பொடியாக அரிக்கப்பட்டு இரத்தம் கசிந்தது. பாம்பைத் தொடும் இடத்தில் மட்டும். அஞ்சலைக்கும் அதே விரல்கள், அதே புள்ளிகள். பாம்புகளுக்கு இரையாக எலி போடும் லில்லியின் கையில் ஒன்றுமில்லை.

பெனிட்டா மூன்று பேரின் கைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். பிறகு பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்த ரெண்டு பேன் நீங்கதான்,” என்றாள் மெதுவாக.

வேடியப்பன் சிரித்தான். “இம்மாம் பெரிய பேனா மேடம்?”

“உருவத்தைச் சொல்லிக் குடுத்தா குஞ்சுப் பேன விட்டுடும்னு நான் உருவமே சொல்லல. உடம்புலேருந்து எடுத்துக்கிட்டு எதையும் திருப்பித் தராதது எதுவோ, அதுதான் பேன். அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். தற்செயலா உரசுறத கடிச்சிடக் கூடாதுன்னு, ரெண்டு தடவ எடுத்தா எண்ணும், மூணாவது தடவதான் கடிக்கும்.” அவள் சற்று யோசித்தாள். “நீங்களும் ஒரு நாள் எலி போட்டுப் பாருங்களேன். தர்ற ஆள்னு புரிஞ்சிக்கும்.”

“நல்லா சொன்ன போ. எலி வாசன கையில இருந்தா பாம்பு கையத்தான் புடிக்கும். வெசம் எடுக்கறவன் இரை போடக் கூடாதுன்னு எங்கப்பன் காலத்துலேருந்து இருக்குது.”

“அப்போ மணிகளைத் திரும்ப எடுத்துடலாம்.”

“வேணாம்,” என்றாள் அஞ்சலை. “எடுத்துட்டா பேன் வந்துடும் மேடம். பாப்பா மொகத்த இப்பத்தான் பாக்க முடியுது. வேற வழி சொல்லு.”

வேறு வழி ஒன்று இருந்தது. மணிகளின் பதிவேட்டில் இருவரையும் பாம்புகளைப் போலவே காக்க வேண்டிய உடம்புகளாகச் சேர்த்துவிடுவது. அடுத்த செவ்வாய் விடியற்காலையில் இருவரும் பதிவுத் தட்டில் கையை வைத்தார்கள். சாம்பல் நிற மணிகள் மாவு ஒட்டுவதுபோல் விரல்களில் ஏறி, ரேகைகளுக்குள் இறங்கி, மணிக்கட்டைத் தாண்டிப் போய்க் காணாமல் போயின. கூச்சம்கூட இல்லை.

“இனிமே நானும் பாம்புதான். வூட்ல சொல்லி வைக்கணும், கொஞ்சம் மரியாதையா பேசச் சொல்லி,” என்றான் வேடியப்பன்.

அன்று பதினெட்டுப் பாம்புகளிடம் விஷம் எடுத்தார்கள். ஒரு கடியும் இல்லை. பலகையில் முதல்முறையாகப் பூஜ்யம் வந்தது. பெனிட்டா எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னாள்.

டீ வந்தபோது பலகையில் ஒன்று என்று இருந்தது.

“நீ எதுனா எடுத்தியா லில்லி?” என்று கேட்டான் வேடியப்பன். லில்லி உதட்டைப் பிதுக்கினாள். பெனிட்டா எந்தப் பானையில் என்று தேடிப் பலகையை விரல்களால் தள்ளிக்கொண்டே போனாள். எந்தப் பானையிலும் இல்லை. கணக்கு ஓர் உடம்பின் பெயரில் இருந்தது. அந்தப் பெயரைப் படித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

“அஞ்சல,” என்றாள். “விடிஞ்சதுலேருந்து பாப்பாவுக்கு எத்தன தடவ பால் குடுத்த?”

அஞ்சலை டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு.”

அவள் கைகளைச் சேலையில் அழுத்தித் தேய்த்தாள்.

“கழுவுனா போவாதா?”

“போகாது. தோலுக்கடியில போயிருக்கும்.”

“பேர எடுத்துடு மேடம். நான் பேனாவே இருந்துட்டுப் போறேன்.”

“எடுக்கறேன். ஆனா பாம்பு மாதிரியே ஒன்னயும் காக்கணும்னு மணிங்க கத்துக்கிட்டாச்சு. அத மறக்க நாப்பது நாள் ஆகும். பாப்பாவ பதிவேட்டுல சேர்க்கவும் முடியாது, அந்தத் தோல் மணிய தாங்காது.”

அடுத்த அறையில் பூங்காவனம் விழித்துக்கொண்டாள். முதலில் சிணுங்கல், பிறகு பசியின் அழுகை. லில்லி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தாள். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்து, அவள் பக்கம் சாய்ந்தது.

அஞ்சலை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கேளாமலே பால் சுரந்து ரவிக்கையை நனைத்தது. ஈரம் பட்ட இடத்தை நோக்கி, கழுத்துத் தோலுக்கடியிலிருந்து சாம்பல் நிறமாக ஏதோ நகர்ந்து வந்தது.