நல்லசாமிக்கு வைத்த சிகரெட்

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் சிகரெட் வாடை இருந்தது. சுவரிலும் துணியிலும் ஏறிப்போன பழைய வாடை அல்ல. யாரோ இப்போதுதான் பற்றவைத்து, முதல் இழுப்பை இழுத்துவிட்டு எழுந்துபோன மாதிரியான புது வாடை. கிரிதரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். ஜன்னல்கள் காலையில் சாத்தியபடியே இருந்தன.

பகாவ் டவுனிலிருந்து அரைமணி நேரம் உள்ளே போனால் வரும் செம்பனைத் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி; ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. வயது ஐம்பத்திரண்டு. மனைவி மங்கையற்கரசி சிரம்பானில் பள்ளி ஆசிரியை. சொந்த வீடு ராசாவில். வாரநாட்களில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு ராசாவுக்குப் போவார். முப்பது வருஷமாகப் புகைத்தவர். விட்டுவிடுகிறேன் என்று சொன்னது இது ஐந்தாவது தடவை. இந்தத் தடவை அறுபத்திரண்டு நாள் தாக்குப்பிடித்தார். அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் அதிகம் பேசவில்லை. அதுதான் பயத்தைக் கொடுத்தது.

அறுபத்து மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியின் பதினாறாம் நாள் காரியம்.

லோரிகள் எடை போடும் இடத்துக்குப் பின்னால் நின்று இருபது வருஷம் அவரோடு சேர்ந்து புகைத்தவர் நல்லசாமி. கடைசியில் நுரையீரல்தான் கெட்டது. இருமி இருமியே போனார். படத்துக்கு முன்னால் கறிக்குழம்பு, அவித்த முட்டை, ஒரு போத்தல் பியர் எல்லாம் வைத்தார்கள். பிறகு அவர் மனைவி முத்தாயி ஒரு சிகரெட்டை எடுத்து கிரிதரனிடம் நீட்டினாள்.

"நீங்களே பத்த வச்சு வைங்க, கிராணி. உங்க கையால வச்சாதான் எடுத்துக்குவாரு."

இழுக்காமல் சிகரெட் சரியாகப் பற்றாது. அவர் இழுத்தார். இழுத்துவிட்டு, படத்துக்கு முன்னால் வாழையிலை ஓரத்தில் வைத்தார். காற்றாடி ஓடாத அந்த அறையில் அது சீக்கிரமாகவே எரிந்து முடிந்தது.

ஒரு இழுப்போடு நிற்கவில்லை. திரும்பும் வழியில் கடையில் ஒரு பெட்டி வாங்கி, காரிலேயே உட்கார்ந்து மூன்று புகைத்தார். மிச்சத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டு வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது.

திங்கட்கிழமை காலை கிளினிக்குக்குப் போன் செய்தார். புகைப்பதை விட வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மிஸி ஷஃபீகா திட்டவில்லை. ஒரு தடவை வழுக்கியதால் அறுபத்திரண்டு நாளும் வீணாகிவிடாது என்றாள். ஆசை வந்தால் பத்து நிமிஷம் தள்ளிப்போடச் சொன்னாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள், வீட்டில் மறைக்க வேண்டாம் என்றாள். அதனால் மங்கையற்கரசிக்கும் போன் செய்து சொன்னார்.

"மறுபடியும் ஒன்னுலேருந்தா?"

"ஆமா."

"சரி. எண்ணுங்க."

கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

புதன்கிழமை வந்த அந்த வாடை எங்கிருந்து என்று மூன்று அறைகளிலும் தேடினார். சாம்பல் இல்லை, துண்டு இல்லை. உடம்பு பழைய வாடையை ஞாபகம் வைத்திருக்கும் என்று ஷஃபீகா முன்பொருமுறை சொல்லியிருந்தாள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பத்து நிமிஷத்தில் வாடை போய்விட்டது. மூன்றாவது நாள் என்று காலண்டரில் கோடு போட்டார்.

வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கே வானம் இருட்டி, செம்பனை மட்டைகளில் மழை சடசடவென்று அடித்து, கூரைத் தகரம் அதிர்ந்து, நனைந்த மண்வாசனையும் எங்கோ அழுகிக் கிடந்த பழக்குலையின் புளித்த வாடையும் ஜன்னல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தன. அவர் படுக்கையறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். மண்வாசனைக்குள்ளிருந்து மெதுவாக, கூட்டத்துக்குள் தெரிந்த முகம் தெரிவதைப் போல, சிகரெட் வாடை எழுந்தது. பிறகு சமையலறையில் யாரோ இருமினார்கள்.

சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று. பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வது.

இருபது வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட இருமல் அது. யார் என்று கேட்க வாயைத் திறந்தார். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மூடிக்கொண்டார். மழை விடும் வரைக்கும் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்து நிக்கோட்டின் சூயிங்கத்தை மென்றார். தாடை வலித்தது. அந்த நேரத்தில் கையில் ஒரு சிகரெட் இருந்திருந்தால் நிச்சயம் பற்றவைத்திருப்பார். இல்லாததால் தப்பித்தார். நான்காவது நாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் முத்தாயியைப் பார்த்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். செத்த பிறகும் பதினைந்து நாள் பின்கட்டில் அவர் இருமிக்கொண்டேதான் இருந்தார் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்டதாம்.

"நீங்க பத்த வச்ச அன்னைக்கோட நின்னுபோச்சு, கிராணி. இப்பதான் நல்லா தூங்குறேன். நீங்க கெளம்பறப்ப உங்க கூடவே எறங்கிப் போன மாதிரி இருந்துச்சு."

அவள் முகத்தில் நன்றி இருந்தது.

சாயங்காலம் ராசாவுக்குப் போகும்போது கார் கண்ணாடிகள் நான்கையும் இறக்கிவிட்டார். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று உள்ளே அடித்தது. வாடை போகவில்லை. பின்சீட்டிலிருந்து வரவில்லை, துணியிலிருந்தும் வரவில்லை. எங்கிருந்து என்று அவர் யோசிக்க விரும்பவில்லை.

மங்கையற்கரசி வாசலுக்கு வந்து அவர் பையை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அப்படியே நின்றாள்.

"பிடிச்சீங்களா?"

"இல்ல."

"சட்டையில இல்லங்க. உங்க மூச்சுல இருக்கு."

சத்தியம் செய்தார். அவள் தலையாட்டினாள். சண்டை போடவில்லை. அவருடைய தலையணையை எடுத்துக்கொண்டுபோய் ஹாலில் வைத்தாள். இரண்டு நாளும் அவள் அவருக்குச் சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார். நாளைக்குக் கிளினிக்குக்குக் கூடவே வா, ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும், நான் பிடித்திருந்தால் அந்தக் கருவியே சொல்லிவிடும் என்றார். திங்கட்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

காலை பத்து மணி. வெளியே ஏதோ குழந்தை ஊசிக்கு அழுதது. ஷஃபீகாவின் அறையில் குழல்விளக்கு, வெள்ளைச் சுவர், டெட்டால் வாடை. இந்த வெளிச்சத்தில் உட்கார்ந்ததும் அவருக்கு உடம்பு லேசானது. எட்டு நாள் ஆயிற்று, மூச்சில் புகை எவ்வளவு என்று காட்டும் எண் கீழேதான் இருக்கும் என்று ஷஃபீகா மங்கையற்கரசியிடமும் சொன்னாள். உள்ளங்கை அளவு கருவியில் காகிதக் குழாயைச் செருகி அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்கண்ணே. பதினஞ்சு எண்ணுவேன். அப்புறம் மெதுவா ஊதுங்க லா."

இழுத்தார். வாயை மூடினார். மங்கையற்கரசி எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு.

ஒன்று. இரண்டு. மூன்று.

நெஞ்சுக்குள் அமைதி.

ஏழு. எட்டு.

சின்னதாக இரண்டு.

தொண்டையில் இல்லை. இன்னும் கீழே. விலா எலும்புக்குள்ளே.

நீளமாக ஒன்று.

அவர் வாய் மூடியேதான் இருந்தது. முதுகிலிருந்த கை சட்டென்று விலகியது.

ஷஃபீகா எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

செருமல் அடங்கியது. பிறகு அவர் நெஞ்சு விரிந்தது. அவர் இழுக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். நிதானமாக. ஆழமாக. நாள் முழுக்கக் காத்திருந்து முதல் சிகரெட்டை இழுப்பவனைப் போல.

ஷஃபீகா கருவியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். அவர் கண்ணைத் தாழ்த்தினார். இறுக மூடிய உதட்டுக்கு மேலே, மூக்கின் இரண்டு துவாரங்களிலிருந்தும், நீலமாக, மெல்லியதாக, அவசரமே இல்லாமல் புகை இறங்கிக்கொண்டிருந்தது.