ஓவசியரின் மோட்டார் சைக்கிள்

ஓமந்தையைத் தாண்டி இரண்டு மைல் வந்த பிறகுதான் பரமலிங்கத்துக்கு அது உறைத்தது. பின் சீற் சத்தம் போடவில்லை.

அந்த மோட்டார் சைக்கிளின் பின் சீற் வெறுமையாக இருந்தால் சும்மா இருக்காது. இரண்டு கம்பிச் சுருள்களின் மேல் ஒரு தோல் மெத்தை, அவ்வளவுதான். ஆள் இல்லாமல் ஓடினால் பள்ளத்துக்குப் பள்ளம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். ஓவசியர் செல்வநாயகம் தனியாக வருகிறாரா, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு வருகிறாரா என்று கந்தோர் மேசையில் இருந்தே சொல்லிவிடலாம். ஒன்பது வருடம் அதே சீற்றில் குந்தியிருந்து குளம் குளமாக அலைந்த பரமலிங்கத்துக்கு அது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். இப்போது கண்டி வீதி அவன் குடலையே உலுப்பி எடுத்துக்கொண்டிருந்தது. விளக்குக் கூடு நடுங்கியது, கைபிடி நடுங்கியது. பின்னால் மட்டும் ஒரு முனகலும் இல்லை.

சுருள் இறுகிப் போயிருக்கும் என்று நினைத்தான். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பின் சீற்றை உள்ளங்கையால் அமுக்கினான். அது கிறீச்சிட்டுக்கொண்டு கீழே போய் மேலே வந்தது. நல்ல சுருள்தான். ஆனி மாதத்து நாலரை மணி வெயிலில் முன் சீற் அடுப்புக்கல்லாய்ச் சுட்டது. பின் சீற்றின் தோல் மட்டும் ஈரத் துணிபோலக் குளிர்ந்து கிடந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினான். நூறு யார் தூரம் ஓடுவதற்குள் தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை.

பரமலிங்கம் நீர்ப்பாசனக் கந்தோரில் குளங்களின் நீர்மட்டம் பார்த்து எழுதுகிறவன். செல்வநாயகம் அவனுக்கு மேலே இருந்த ஓவசியர், குள வேலைகளின் மேற்பார்வையாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்த வருடத்தில்தான் பரமலிங்கம் அந்த வண்டியை முதலில் கண்டான். கறுப்பு உடம்பு, எண்ணெய்த் தாங்கியில் ஒரு பச்சைக் கோடு, இங்கிலாந்துச் சாமான். அன்றைக்கு விழுந்த ஆசை, பிறகு எழும்பவேயில்லை. ஓவசியர் அவனைப் பின்னால் ஏற்றுவாரே தவிர, ஒருநாள்கூடக் கைபிடியைத் தொடவிட்டதில்லை. "எனக்குப் பிறகு இதை நீயே வைச்சு ஓடு, ஐசே," என்று சுருட்டுப் புகையோடு சிரிப்பார். கந்தோரில் அவனுக்கு இலவு காத்த கிளி என்று பெயர். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் போன வருடம் ஓவசியர் இருமலோடு இரத்தம் துப்பத் தொடங்கிய நாளில், தன் மனதுக்குள் ஒரு மூலையில் என்ன இனித்தது என்று அவனுக்கு மட்டும் தெரியும். அதை நினைக்க இப்போதும் அவனுக்கு வெட்கமாயிருந்தது.

ஓவசியர் செத்து இன்றோடு இருபத்தேழு நாள்.

"அந்தியேட்டிக் கிரியை முடியட்டும் தம்பி," என்றுதான் ஓவசியரின் மனைவி கமலாசனி சொன்னார். "முப்பத்தொண்டாம் நாளுக்கு இன்னும் நாலு நாள்தானே. அதுமட்டும் அவர் வீட்டிலதான் இருக்கிறார். அவற்ற சாமானை நான் எப்பிடி வெளியில விடுறது?"

"என்ர மனிசிக்கு இது எட்டாம் மாதமக்கா. திடீரெண்டு மருத்துவிச்சியைக் கூட்டிவரவேண்டி வந்தால் நான் என்ன செய்ய?"

அது முழுப் பொய்யில்லை. முந்திய வருடம் மனைவி இரஞ்சிதத்துக்குப் பேற்று நோ கண்டபோது மருத்துவிச்சியைக் கூட்டிவர மாட்டுவண்டிதான் போனது. வண்டி திரும்பி வந்தபோது பிள்ளை வந்து, மூச்சு விடாமலே போயிருந்தது. இந்தப் பிள்ளை தங்கவேண்டும், அதற்கு இந்த வண்டி வேண்டும் என்று அவன் உண்மையாகவே நம்பினான். ஆனால் இரஞ்சிதத்துக்கு இன்னும் ஒரு மாதம் முழுசாக இருந்தது. நாலு நாளில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை, அதுதான் உண்மை. அவன் மூன்று முறை கேட்டான். கமலாசனி களைத்துப்போய் வண்டி நின்ற கொட்டிலைத் திறந்துவிட்டார்.

புளியங்குளம் சந்தியில் ஐயாத்துரையின் சைக்கிள் கடை. பரமலிங்கம் மனித முகம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்று அங்கே நிறுத்தினான். ஐயாத்துரை பழக்கமான மனிதர், வாயும் கையும் ஓயாதவர்.

"கடைசியில கிளிக்குப் பழம் கிடைச்சிட்டுது போல," என்றார். குனிந்து பார்த்தார். "பின் சில்லுக்குக் காத்துக் காணாது. நசிஞ்சு கிடக்கு."

பம்பைக் கொண்டுவந்து அடித்தார். நிறைய அடித்தார். பெருவிரலால் அமுக்கினார், கல்லு மாதிரி இருந்தது. ஆனாலும் சில்லின் அடிப்பக்கம் நிலத்தோடு பரந்து, நசிந்தபடியே நின்றது. ஐயாத்துரை பிடரியைச் சொறிந்தார்.

"காத்து இருக்கு. ஆள் ஏறியிருக்கேக்கை கிடக்கிற மாதிரியெல்லோ கிடக்கு."

பரமலிங்கத்தின் கண் பின் சீற்றுக்குப் போனது.

"ஓவசியற்ற முப்பத்தொண்டு முடிஞ்சுதோ?"

"ஓம். முடிஞ்சுது."

பொய் வழுவழுவென்று வந்தது. ஐயாத்துரை விரல்விட்டு நாட்களை எண்ணுகிறவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பம்பை எடுத்துக்கொண்டு, வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். "பொழுது படமுன்னம் போய்ச் சேருங்கோ," என்று உள்ளே இருந்துதான் குரல் வந்தது.

சந்தியிலிருந்து கிழக்கே நெடுங்கேணிப் பக்கம் திரும்பும் வீதி ஒரு மைலுக்குள் காட்டுக்குள் இறங்கிவிடும். பிறகு ஒன்பது மைலுக்கு வீடு இல்லை, வயல் இல்லை, இரண்டு பக்கமும் பாலை, வீரை, முதிரை மரங்கள் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு நிற்க, பழுத்து உதிர்ந்து புளித்த பாலைப்பழங்களின் நெடி புழுதியோடு கலந்து மூக்கில் ஏறும். அந்த நேரத்தில் சில்லூறுப் பூச்சிகள் காதைக் கிழிக்கும், மந்திகள் கொப்புக்குக் கொப்புத் தாவும், எங்கேயாவது ஒரு காட்டுக்கோழி கூவும். இவ்வளவும் பரமலிங்கத்துக்குத் தெரிந்த சத்தங்கள். இன்றைக்கு வண்டி வர வர அவை முன்னால் அடங்கிக்கொண்டே போயின. அவன் கடந்து நெடுந்தூரம் போன பிறகு, பின்னால் ஒன்றிரண்டாய் மறுபடி தொடங்கின. எஞ்சின் சத்தத்துக்குப் பயந்துதான் என்று சொல்லிக்கொண்டான். ஒன்பது வருடமாக இதே எஞ்சின்தான் இந்த வழியால் ஓடியது. அப்போது ஒன்றும் அடங்கவில்லை.

மூன்றாம் மைலில் சுருட்டு மணத்தது.

முதலில் லேசாக. பிறகு நன்றாக. வாய்ச் சூட்டோடு, எச்சிலோடு நனைந்த சுருட்டு. அதற்குள்ளே கற்பூரத் தைலமும், சவத்துக்குத் தெளிக்கும் பன்னீரும். எதிர்க்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் பின்னாலிருந்து மணம் வர வழியில்லை.

சட்டைக் கொலருக்கு மேலே, இரண்டு விரல் அகலத் தோலில், ஒரு குளிர். விட்டு விட்டு வந்தது. வந்தது, நின்றது, வந்தது. நோயாளி மூச்சு விடுகிற அளவுக்கு இடைவெளி விட்டு வந்தது.

அப்போதுதான் அவனுக்குத் தான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது.

முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்ட சந்தோஷம். வாழ்நாளில் முதல்முறையாகக் கைபிடி அவன் கையில். செத்த வீட்டிலிருந்து புறப்படுகிறவன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போகவேண்டும் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அவனோ கல்யாண வீட்டிலிருந்து புறப்படுகிறவன்போல வீட்டு வாசலைப் பார்த்து, வாய் நிறையச் சொல்லியிருந்தான். "அப்ப போட்டு வாறன். ஒருநாளைக்கு எங்கட வீட்டுப் பக்கமும் வாங்கோவன்."

கமலாசனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பரமலிங்கத்தைப் பார்க்கவில்லை. திரும்பி, ஓவசியரின் படத்துக்கு முன்னால் விளக்கும் தண்ணீர்ச் செம்பும் வைத்திருந்த உள்வீட்டைப் பார்த்தார்.

வாங்கோவன் என்று கூப்பிட்டிருக்கிறான். வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். வீட்டில் இரஞ்சிதம் எட்டு மாத வயிற்றோடு இருக்கிறாள். ஓவசியரின் முகத்தை அவள் கிட்டத்தில் கண்டதேயில்லை.

காட்டு நடுவே ஒரு வீரை மரத்தின் கீழ் பிள்ளையார் கல் இருந்தது. அந்த வழியால் போகிறவர் எவரும் ஒரு இலைக்குழை முறித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். பரமலிங்கம் நிறுத்தினான். ஒரு குழை முறித்தான், இன்னொன்று முறித்தான், கைக்கு எட்டிய கொப்பெல்லாம் முறித்துக் கல்லுக்கு முன்னால் போட்டான். பிறகு வண்டியைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஐயா, நான் தெரியாமல் சொல்லிப்போட்டன். வீட்டில மனிசி வயித்துப்பிள்ளையோட தனிய. நீங்கள் இஞ்சயே இறங்குங்கோ. நாலு நாளில நானே வந்து எல்லாம் செய்யிறன்."

காடு வாய் மூடிக் கிடந்தது.

கிறீச்.

மெல்ல. நீண்டு. நெடுநேரம் இருந்து அலுத்தவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சரிந்து, வசதியாக உட்காரும் சத்தம்.

பரமலிங்கம் நடந்தான். வண்டி கிடக்கட்டும், யானை மிதிக்கட்டும். பத்து அடி வைத்தான். பின்னால் சருகு நொறுங்கியது. நின்றான், அதுவும் நின்றது. ஓடினான். சருகுச் சத்தம் ஓடவில்லை, நடந்தது. ஆனால் கிட்ட வந்தது. இருமல் ஒன்று கேட்டது, நெஞ்சுக்குள்ளேயே அடக்கிய இருமல்.

வண்டியை விட்டாலும் அது வரும். அழைப்பு வீட்டுக்கல்லவா.

அவன் திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். சீற் தாழ்ந்தது. முன் சீற் ஒருமுறை. பின் சீற் ஒருமுறை.

மிச்சமிருந்த மைல்களில் அவன் ஒரேயொரு யோசனையை மட்டும் பிடித்துக்கொண்டான். ஓடும்வரைக்கும் அது இறங்காது, நின்றால்தான் இறங்கும். ஆகவே நிற்கக் கூடாது. வீதி அவன் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு போய், வளைந்து, குளக்கட்டில் ஏறும். நிறுத்தாமல் போய்விடலாம். நெடுங்கேணி, முள்ளியவளை, முல்லைத்தீவு. கடல்வரைக்கும் போகலாம். பெற்றோல் முடிந்து எங்காவது விழுந்து கிடக்கலாம். தன்னை என்ன செய்தாலும் செய்யட்டும். அவனுக்கு உயிர்ப் பயம் இருந்தது, ஆனால் அதைவிட மற்றப் பயம் பெரிதாயிருந்தது.

காடு முடிந்தது. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. வயல்களுக்கு மேலே செம்மண் நிறத்தில் வெளிச்சம்.

இரஞ்சிதம் வேலிப் படலையடியில் நின்றாள்.

சத்தம் தூரத்திலேயே கேட்டிருக்கும். ஒரு கை வயிற்றில், மற்றக் கை கண்ணுக்கு மேலே. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. இந்தச் சிரிப்பைத்தான் ஒன்பது வருடமாக அவன் கற்பனை செய்து வைத்திருந்தான்.

"உள்ளுக்குப் போ. படலையைத் திறக்காதை. உள்ளுக்குப் போ."

எஞ்சின் அவன் கத்தலைத் தின்றுவிட்டது. மனுசன் புது வண்டியில் ஒருதரம் ஓடிக்காட்டப் போகிறார் என்று நினைத்திருப்பாள். கையை அசைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கைபிடியை முறுக்கினான். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் அவளைக் கடந்தான். சமைத்த புகை மணம், அவள் தலையில் வைத்த எண்ணெய் மணம்.

வண்டி துள்ளியது.

பின்பக்கம் இறகுபோல எழும்பி விழுந்தது. பிடரியில் மாலைச் சூடு பட்டது. சுருட்டு மணம் இல்லை. அப்பாடா என்று நெஞ்சு ஒருமுறை விரிந்தது. ஒரு மூச்சுத்தான். பிறகுதான் விளங்கியது, அது இறங்கிய இடம் எது என்று.

வளைவில் சறுக்கி, கட்டின்மேல் ஏறி, எஞ்சின் விக்கி நின்றது. உதைத்தான். மறுபடி உதைத்தான். கால் வழுக்கி முழங்காலால் இரத்தம் வடிந்தது. வண்டியைப் போட்டுவிட்டுக் கட்டின் விளிம்புக்கு ஓடினான். கீழே ஒரு துண்டு வயல், அதற்கு அப்பால் அவன் வீடு. "இரஞ்சிதம்," என்று கத்தினான். சோழகக் காற்று முகத்துக்கு நேரே அடித்தது, அவன் குரலை வாயிலிருந்து பிடுங்கிக் குளத்துப் பக்கம் கொண்டுபோனது.

அவள் இன்னும் படலையடியில்தான் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. வீதியில், தனக்கு முன்னால், யாருமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களைக் கண்டால் செய்வதுபோலச் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். ஏதோ கேட்டாள். தலையைச் சாய்த்து மறுமொழி கேட்டாள். பிறகு படலையின் கயிற்று வளையத்தைக் கழற்றி, அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

நோயாளி ஒருவர் மெல்ல நடந்து உள்ளே போக எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரம் அப்படியே நின்றாள். வாசல் படியில் அவர் தடுமாறியிருக்க வேண்டும். இரஞ்சிதம் படலையைச் சாத்திவிட்டு விரைந்து போய், தாங்குவதற்குக் கையை நீட்டினாள். அவள் சட்டைக் கையின் துணி, ஐந்து விரல் பிடித்த இடத்தில், உள்ளே குழிந்தது.