காலி டிஸ்க்கின் நகல்

நகல் எட்டு சதவீதத்தைத் தொட்டபோது யானையின் சத்தம் நின்றது.

சக்கரம் வைத்த மர யானை. நாலு சக்கரத்தில் ஒன்று எண்ணெய் காணாமல் கிறீச்சிடும். நாலு வயது மகள் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க வீட்டைச் சுற்றி வருவாள். அந்தச் சத்தத்தில் மண்டை வெடிக்கிறது என்று அவன் தினமும் அலுத்துக்கொள்வான். இப்போது அது நின்றதும் ஏனோ நிமிர்ந்து பார்த்தான்.

"பாப்பா?"

"ம்ம்." எங்கோ தள்ளி, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. மறுபடியும் கிறீச்.

அவன் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன். இடமில்லை, இடமில்லை என்று புலம்பும் லேப்டாப்போடு மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டு, பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்திருந்தான். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது வரைபடங்கள் இல்லை, பாப்பா. பிறந்த அன்றிலிருந்து அவளுடைய போட்டோ, வீடியோ எல்லாம் அதற்குள்தான். கைப்பேசியின் முகப்புப் படம் ஒன்றைத் தவிர வேறெங்கும் பிரதி கிடையாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே மனைவி சொன்னாள்.

"கடையில குடுத்துடுங்க. ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா பாப்பா மொத்தமா போயிடுவா."

"இதுல என்ன இருக்கு? பழசை அப்படியே புதுசுல நகல் எடுக்கணும், கழட்டி மாட்டணும். நான் பாத்துக்கறேன்."

கடைக்காரனிடம் கொடுக்க மனம் வந்தால்தானே. புது டிஸ்க்கை வெளிப்பெட்டியில் போட்டு, லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, நகல் எடுக்கும் புரோகிராமை ஓடவிட்டான். எங்கிருந்து, எங்கே என்று அது இரண்டு கேள்வி கேட்டது. போய்ச் சேரும் இடத்தில் இருப்பதெல்லாம் அழியும் என்று எச்சரித்தது. இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? சரி, சரி என்று தட்டிவிட்டான்.

முப்பது சதவீதத்தில் வீட்டில் என்னவோ குறைந்திருந்தது. ஃப்ரிட்ஜின் உறுமல் இருந்தது, குழாய் சொட்டுவது கேட்டது, வெயிலில் சூடான திரைச்சீலையின் வாடைகூட இருந்தது; பாப்பாவின் பவுடர் வாசனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அறையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. பால்கனிக் கொடியில் அவளுடைய சட்டைகளைத் தேடினான். கிளிப்புகள் மட்டும் வரிசையாகத் தொங்கின.

லேப்டாப்புக்குத் திரும்பினான். திரையின் ஓரத்துச் சின்ன எழுத்தை அப்போதுதான் படித்தான்.

எங்கிருந்து: புது டிஸ்க். எங்கே: பழைய டிஸ்க்.

தலைகீழாகக் கொடுத்திருக்கிறான். ஒன்றுமில்லாததை எடுத்து, பாப்பாவின் மேல் எழுதிக்கொண்டிருக்கிறது.

நிறுத்து என்று தட்டினான். அறுபது. கேபிளைப் பிடுங்கினான். எழுபத்திரண்டு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். எண்பது.

மனைவியைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தான். முகப்புப் படத்தில் மூன்று பேர் இருக்க வேண்டும். இரண்டு பேர். மனைவியின் கைகள் எதையோ அணைத்தபடி வெறும் காற்றில் வளைந்திருந்தன.

"பாப்பா! அப்பாகிட்ட ஓடி வா!"

"வரேம்ப்பா." கேட்டும் கேட்காமலும்.

கிறீச். கிறீச்.

யானை அறைக்குள் வந்தது. கயிறு விறைப்பாக, ஒரு குழந்தையின் கை உயரத்துக்கு எழும்பியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் யாரும் இல்லை.

மண்டியிட்டு அந்த முனையைத் தடவினான். விரல்கள். சின்ன விரல்கள். வியர்த்து, சூடாக. அவன் விரலைப் பற்றிக்கொண்டன.

"விடாத கண்ணு. அப்பா விடமாட்டேன்."

பின்னால் லேப்டாப் டிங் என்றது.

கயிறு தரையில் விழுந்தது. அவன் கை மட்டும் எதையோ பிடித்த வாக்கில் மூடியே இருந்தது.