எழுபது வயதின் ஒப்புதல்

சுவரில் தெரிந்த முதியவர் மூன்றாவது முறையாக இருமினார்.

"டேய், எனக்கு என்ன நோய்னு முதல்ல சொல்லு. அப்புறம் ஒப்புதல் கேளு."

தணிகைவேல் பல்லைக் கடித்தான். வரிக்கணக்குச் சமர்ப்பிக்க இன்றுதான் கடைசி நாள். சுவரில் இருந்தவரும் தணிகைவேல்தான், வயது மட்டும் எழுபது. முதுநிழல் என்று பெயர். ஒருவனுடைய உடல், பழக்கம், சம்பளம், அரசிடம் அவன் கொடுத்த விவரங்கள் அத்தனையையும் வைத்து நிழற்கணிப்பி அவனுடைய எழுபதாம் வயதைக் கணக்கிட்டுப் பேசவும் வைத்துவிடும். முதுமை வைப்பில் மாதாமாதம் பிடிக்கிற பணம் சட்டப்படி அந்த முதியவருடையது. அதை முன்கூட்டியே எடுத்தால் வரிக்கணக்கில் காட்ட வேண்டும். 'மனமுவந்து கொடுத்தேன்' என்று அவர் சொன்னால் வரி கிடையாது. மறுத்தால் வரியும் உண்டு, அதற்கு மேல் அபராதமும் உண்டு.

"பணம் எடுக்கும்போது காரணம் என்னன்னு போட்டீங்க?" என்றாள் அவன் மனைவி அரசி.

"நோய்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. நோய்னு போட்டா மூணு நாள்ல பணம் வந்துடும். வீடுன்னா பத்திரம் கேப்பான், கல்யாணம்னா பத்திரிகை கேப்பான்."

"அதை நம்பி இந்த மனுஷனை என்ன பாடு படுத்தி வச்சிருக்கு பாருங்க."

நோயின் பெயர் தெரியாததால் கணிப்பி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்திருந்தது. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் மூட்டுவலி, ஒரு காதில் மந்தம், நிற்காத இருமல். போன வருடம் வந்து அரசியின் சமையலைக் கிண்டலடித்துவிட்டுப் போன மனிதர்.

"உண்மையைப் போடுங்க," என்றாள்.

உண்மை எளிமையானதுதான். கல்யாணமாகி நான்கு வருடம் அவன் புனேயில் இருந்தான், அவள் ஓசூரில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை பார்த்தாள். சேர்ந்திருந்த நாட்கள் நூற்றுப் பதினொன்று. எண்ணி வைத்திருந்தவள் அவள்தான். ஒப்பந்தம் முடியும் முன் வேலையை விடுவதென்றால் புனே நிறுவனத்துக்குப் பெரிய தொகை கட்ட வேண்டும். அதற்காகத்தான் முதுமை வைப்பில் கை வைத்தான், கட்டிவிட்டு ஓசூருக்கே வந்துவிட்டான்.

படிவத்தில் வீடு இருந்தது, படிப்பு இருந்தது, வெள்ளச் சேதம்கூட இருந்தது. இது இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் அரசியே எழுதினாள்: மனைவியோடு ஒரே வீட்டில் இருக்க.

இருமல் நின்றது. முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்னம் உப்பியது, லேசாகத் தொப்பையும் வந்தது. அவருக்குப் பின்னால் எங்கேயோ வயதான பெண் குரல் ஒன்று, "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்றது. அரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தாங்கள் மனமுவந்து கொடுத்தீர்களா?" என்று கேட்டது கணிப்பி.

"எதுக்கு?" என்றார் முதியவர்.

"யோவ், அரசியோட இருக்கறதுக்குய்யா!"

"அவ எங்க போயிடப் போறா? முப்பத்தஞ்சு வருஷமா ஒரே வீட்லதானே இருக்கோம்? இதுக்குப் போய் அவ்வளவு பணமா? அது இருந்திருந்தா ஒரு நல்ல முட்டி மாத்தியிருப்பேன். நான் கொடுக்கல. கேக்காம எடுத்துட்டான்."

தணிகைவேல் எழுந்தே விட்டான். "அந்த முப்பத்தஞ்சு வருஷம் எப்படி வந்ததுன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"கத்தாதே. எனக்கு ரத்த அழுத்தம் இருக்கு."

"மறுப்பு குறிக்கப்பட்டது," என்றது கணிப்பி. "அதன் விளைவுகளோடு மறுகணிப்பு செய்யப்படும். அதன் பிறகும் அதே பதில் வந்தால் மட்டுமே ஏற்கப்படும்."

விளைவு என்ன என்று இருவருக்கும் தெரியும். வரியையும் அபராதத்தையும் கட்டக் கையில் காசில்லை. முன்பணம் தந்து திரும்பச் சேர்த்துக்கொள்வதாகப் புனேயில் சொல்லியிருந்தார்கள். ஆறு வருடம் அங்கே இருக்க வேண்டும்.

சுவரில் முதியவர் இளைத்தார். பின்னாலிருந்த வீடு சுருங்கி ஒற்றை அறையானது. குரல் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆறு வருடம் எப்படியோ நீண்டு போயிருந்தது.

"கொடுத்தீர்களா?"

"கொடுத்தேன்!" நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "முழுசாக் கொடுத்தேன். மிச்சம் இருந்தா அதையும் எடுத்துக்கச் சொல்லுங்க. அரசி பக்கத்துல இருக்காளா? கொஞ்சம் பேசச் சொல்லேன்."

அரசி பேச வாயெடுத்தாள்.

"ஒப்புதல் குறிக்கப்பட்டது. அதன் விளைவுகளோடு மறுகணிப்பு."

தொப்பை திரும்பியது. ஈரத் துண்டுச் சண்டையும் திரும்பியது. "நான் எங்கடா கொடுத்தேன்?"

பதினொரு முறை இப்படியே ஓடியது. தவித்தவர் கொடுத்தார். கொடுத்ததும் சுகவாசியானார். சுகவாசி மறுத்தார். மறுத்ததும் தவித்தார். ஒரே பதிலை அடுத்தடுத்து இரண்டு முறை சொல்ல அந்த மனிதரால் முடியவில்லை. கடைசியில் கணிப்பியே களைத்துப்போய் அறிவித்தது: 'தங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது. தினமும் ஒரு முறை முயலவும். ஒரு நாள் தவறினாலும் மறுப்பாகக் கருதி அபராதம் விதிக்கப்படும்.'

"பரிசீலனையில இருக்கறவரைக்கும் யாரும் பணம் கேக்க மாட்டாங்கல்ல?" என்றாள் அரசி மெதுவாக.

தணிகைவேல் அவளைப் பார்த்தான். அன்று மதியம் இருவரும் வெளியே போய்ப் பிரியாணி சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு தினமும் காலையில், காபிக்கும் குளியலுக்கும் நடுவே, அரசி 'மீண்டும் முயல்க' என்ற பொத்தானை அழுத்தினாள். ஒரு நாள் தவிப்பவர் வருவார், மறுநாள் சுகவாசி வருவார். மழையில் அழுத்தினாள், காய்ச்சலில் அழுத்தினாள், அம்மா வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் இருந்தே கைபேசியில் அழுத்தினாள். இருநூற்று நாற்பது நாள் ஆயிற்று.

இருநூற்று நாற்பத்தோராம் நாள் காலை தணிகைவேல் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். பைக்கும் முந்தின நாள் வழியிலேயே நின்றுபோயிருந்தது.

"வச்ச இடத்துல எதுவும் இருக்கறதில்ல இந்த வீட்ல. பேசாம அந்தப் பணத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அரசி. ஒரு நல்ல வண்டியாவது வாங்கியிருப்பேன்."

சொன்ன பிறகுதான் சுகவாசியின் அந்தக் குரல் அவன் காதிலேயே விழுந்தது.

அரசி பொத்தான் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள்.

"இன்னைக்கு நீங்களே அழுத்துங்க. வேணாம்னு தோணுச்சுன்னா விட்டுடுங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பண்ணை வேன் கிளம்பும் ஓசை கேட்டது. தணிகைவேல் சுவரெதிரே நெடுநேரம் நின்றான். பிறகு அழுத்தினான்.

ஒற்றை அறை தெரிந்தது. முதியவர் அவசரமாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அரசி இருக்காளா?"

"வேலைக்குப் போயிருக்கா."

"எப்ப வருவா?"

"சாயங்காலம்."

"சாயங்காலமேவா!" என்றார் முதியவர்.