சாத்திய ஜன்னல்

திரையில் ஓடிக்கொண்டிருந்தது ஸிக்னெயின் சொந்த இதயம். அது சரியாக ஓடவில்லை.

மூளையில் அடைப்பு வந்து கைகால் விழுந்தவர்களின் இதயம், அதுவரை நோயே அறியாததாக இருந்தாலும், சில நாட்களில் ஏன் தடுமாறத் தொடங்குகிறது என்பதுதான் அந்த ஆஸ்பத்திரியில் ஸிக்னெயின் குழு செய்துவந்த ஆய்வு. நெஞ்சில் ஒட்டும் துடிப்புக் கருவியை அடுத்த நோயாளிக்குக் கொடுக்குமுன், ஆய்வாளர் ஒருவர் தன் நெஞ்சில் ஒட்டிச் சரிபார்ப்பார். இன்று ஸிக்னெயின் முறை. காலையில் இறந்துபோன ஹோல்கரின் நெஞ்சிலிருந்து அவளே கழற்றிய கருவி அது.

மூன்று துடிப்பு. நீண்ட இடைவெளி. மறுபடி மூன்று.

தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். எப்போதும் அப்படித்தான் நினைப்பாள். ஒட்டுகளை அழுத்தினாள், கம்பியை மாற்றினாள், ஹோல்கரின் பதிவை அழிக்க மறந்துவிட்டோமோ என்று தேடினாள். அழித்திருந்தாள்.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரிந்ததுதான். இடக்கை செத்து, வாய் கோணிப் பேச்சும் போன பிறகு, ஹோல்கர் தன் இதயம் தடுமாறிய அதே கணக்கில் வலக்கை மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே கிடந்தார்.

நர்ஸ் யூட்டா காப்பிக் கோப்பையுடன் எட்டிப் பார்த்தாள். டிசம்பர், மதியம் தாண்டியதுமே வெளியே இருட்டிவிட்டிருந்தது.

"ஹோல்கர் ரூம் ஜன்னலை யாரு சாத்துனது?"

"நான்தான். குளிர்ல கருவியோட பசை உரியவே மாட்டேன்னுச்சு."

"காத்து வாங்கவா அதைத் திறந்து வைக்கிறோம்? செத்தவரு உசுரு எந்த வழியா வெளியே போகும்?"

"இத்தனை வருஷம் நர்ஸா இருந்துட்டு இதையெல்லாம் நம்புறியா, யூட்டா?"

"நம்பல. ஆனா திறந்து வைப்பேன்." கோப்பையை ஊதினாள். "ஏன் மூஞ்சி வெளுத்திருக்கு? போய் ஏதாவது சாப்பிடு, படிச்ச மேதை."

அவள் போனதும் ஸிக்னெ எழுந்தாள். நடைபாதையில் மருந்து நெடியும் யாரோ ஏற்றி அணைத்த மெழுகுவர்த்தியின் புகைவாசமும் கலந்திருந்தன. கோடியில் ஹோல்கர் இருந்த அறையின் கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை, ஆனால் உள்ளே, சீராக, அவசரமே இல்லாமல், இரும்பில் உலோகம் மோதும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

டொக். டொக். டொக்.

கதவைத் திறந்தாள். ஓசை நின்றது. விரிப்பு உருவிய வெறுங்கட்டில். பிணத்தை எப்போதோ கீழே கொண்டுபோய்விட்டார்கள். இருந்தும் அறையில் யாரோ மூச்சுவிட்டுக் கிடந்த வெதுவெதுப்பு. ஜன்னல் கண்ணாடி உட்புறம் முழுக்க வியர்த்திருந்தது.

திறந்துவிட்டால் போதும். நான்கு எட்டு வைத்தால் ஜன்னல். நடந்தாள். இடது கால் பின்தங்கி இழுத்தது.

நெஞ்சில் மூன்று துடிப்பு. பின் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பின் மூன்று.

கண்ணாடியின் ஈரத்தில் அவள் முகம் தெரிந்தது. இடக் கடைவாய் சரிந்திருந்தது. ஜன்னல் கைப்பிடியைப் பிடிக்க இடக்கையைத் தூக்கினாள்.

எழவில்லை.

யூட்டாவைக் கூப்பிட்டாள். குழறலாக ஏதோ வந்தது.

வலக்கை இருந்தது. அது எழுந்தது. கைப்பிடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் திரும்பி, கட்டில் கம்பியைத் தேடிப் போனது. அவள் வேண்டாம் என்றாள், மனதுக்குள்.

அவள் விரலில் மோதிரம் இல்லை.

டொக். டொக். டொக்.