செத்தவர் காதில் ப்ளூடூத்

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

காலடியில் ஒரு தலையணை.

காதில் ப்ளூடூத் ஹெட்செட். அதன் நீல விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது...

அறை வாசலில் லேப்டாப் மெக்கானிக் நின்றாள். மணி பத்தே கால். செத்த லேப்டாப்களை அவள் ஆயிரம் பார்த்திருக்கிறாள். செத்த மனிதரை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

போலீசுக்குப் போன் செய்தது அவள்தான். அதுவே வினையாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். பிணத்தை ஒரு நிமிடம் பார்த்தார். மெக்கானிக்கை மூன்று நிமிடம் பார்த்தார்.

"தலையணையை வெச்சு அமுக்கியிருக்கு. நீ எதுக்கும்மா இங்க வந்தே?"

"லேப்டாப்ல ப்ளூடூத் வேலை செய்யலைன்னு நேத்து போன் பண்ணினார் சார். இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஏதோ முக்கியமான வீடியோ மீட்டிங்காம். அதுக்குள்ள சரி பண்ணித் தரச் சொன்னார்."

"அடேயப்பா. ப்ளூடூத்துக்கெல்லாம் வீடு தேடி வர்றீங்களா?" உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நேரம் பார்த்து, செய்தி கேட்டு, பேராசிரியரின் மருமகன் ஓடி வந்தார். கல்லூரி விரிவுரையாளர். மனைவி வெளியூர் போயிருந்ததால் ஒரு வாரமாக மாமனாரும் மருமகனும்தான் வீட்டில்.

"மாமா..." என்று குரல் உடைந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

கைக்குட்டை நனையவில்லை.

"கடைசியா எப்ப பேசினீங்க?"

"ஒன்பதே காலுக்குக் காலேஜ் கிளம்பினேன் சார். ஒன்பதே முக்காலுக்கு ஸ்டாஃப் ரூம்ல இருந்து வீடியோ கால் போட்டேன். நான் பேசினதைப் பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க. ஆறு நிமிஷம். மாமா நல்லாத்தான் இருந்தார்."

போனை நீட்டினார். பதிவு இருந்தது. ஆறு நிமிடம்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"ஒன்பது ஐம்பத்தொண்ணு வரைக்கும் உயிரோட இருந்திருக்கார். பத்தே காலுக்குப் பிணம். நடுவுல வந்த ஆள் நீ ஒருத்திதான்."

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் ஜெயித்தது.

"மாமா ஹெட்செட்லயா பேசினார்?" என்று மருமகனைக் கேட்டாள்.

"ஆமா. அது இல்லைன்னா லேப்டாப்ல பேசறது அவருக்குக் கேக்காதே."

"அப்ப நீங்க பேசின ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்டிருக்காது."

"என்ன உளர்றே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கையுறை கொடுங்க சார். காட்டறேன்."

லேப்டாப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டாள். நிசப்தம்.

"ஸ்பீக்கர் எரிஞ்சு ஒரு மாசமாச்சு. நான்தான் பார்த்தேன். மாத்த வேணாம், ஹெட்செட் போதும்னு சொல்லிட்டார்."

அடுத்து செட்டிங்ஸ். ப்ளூடூத்தை ஆன் செய்யும் பட்டனையே காணோம். டிவைஸ் மேனேஜரைத் திறந்தாள். ப்ளூடூத் பெயருக்குப் பக்கத்தில் கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம்.

"இதான் சார் டிரைவர். ஹெட்செட்டையும் லேப்டாப்பையும் பேச வைக்கிற புரோகிராம். அது படுத்துட்டா ரெண்டும் ஒட்டாது. ஹெட்செட்ல நீல விளக்கு மின்னுது பாருங்க. இன்னும் லேப்டாப்பைத் தேடிட்டே இருக்கு."

மருமகன் சிரித்தார். படித்தவன் படிக்காதவளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"இப்ப ரிப்பேர் ஆகியிருக்கும். காலையில நல்லாத்தான் இருந்தது. ஸ்க்ரூ திருகறவங்க சொல்றதையெல்லாம் நம்பாதீங்க சார்."

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"புதன்கிழமை சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு ஒரு அப்டேட் வந்திருக்கு. அப்பவே டிரைவர் காலி. இன்னிக்கு வெள்ளி. ரெண்டு நாளா இந்த ஹெட்செட் ஊமை சார்."

சிரிப்பு நின்றது.

"ஆறு நிமிஷம் யார்கூட பேசினீங்க?" இன்ஸ்பெக்டரின் குரல் இப்போது வேறு.

"அது... நான் பேசினேன். அவர் தலையாட்டினார். இல்ல... கால் தானா எடுத்திருக்கும் சார். அந்த ஆட்டோ ஆன்சரை யார் வேணா போட்டு வெச்சிருக்கலாமே."

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் ஒரு அடி வைத்தார்.

"லேப்டாப்ல ஆட்டோ ஆன்சர் போட்டிருக்குன்னு இங்க யாருமே சொல்லலையே மாப்பிள்ளை."

மருமகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் கொட்டியது. மாமனாரின் இருபது வருட ஆராய்ச்சியைத் தன் பெயரில் புத்தகமாகப் போட்டு, அதைக் காட்டிப் பதவி உயர்வு கேட்டிருந்தார். பதினோரு மணி மீட்டிங் கல்லூரி விசாரணைக் குழுவோடு. கிழவர் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. ஒன்பது மணிக்கே தலையணை. பிறகு காதில் ஹெட்செட், லேப்டாப்பில் ஆட்டோ ஆன்சர். அது இணைந்ததா என்று பார்க்கும் அறிவு மட்டும் இல்லை. பட்டம் இரண்டு வாங்கியிருந்தார்.

மருமகனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"அந்தப் புதன்கிழமை நாலு பன்னிரண்டைக் காட்டு. எழுதிக்கறேன்."

"அது இதுல இல்ல சார்."

"என்னது?"

"பழைய பதிவெல்லாம் அழிஞ்சு கிடக்கு. டிரைவர் செத்திருக்குன்னு தெரியுது. எப்ப செத்ததுன்னு தெரியலை. நாலு பன்னிரண்டு என் வாய்க்கு வந்த நேரம்."

"என்கிட்டயே பொய் சொன்னியா?"

"அவர்கிட்ட சொன்னேன் சார். நீங்க பக்கத்துல நின்னீங்க, அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். லேப்டாப்பைக் காட்டினார்.

"இதை இனிமே சரி பண்ண முடியுமா?"

"டிரைவர் சரியில்லைன்னா பழசுக்கே திரும்பிப் போக ஒரு பட்டன் இருக்கு சார். மருமகனுக்குத்தான் யாரும் அப்படி ஒண்ணு வைக்கலை."